ஆறு ஓம்

புன்டா அரேனாஸில் ஜூலை.
ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.
தீர்வையில்லாக் கடையில் வாங்கிய ரிசீவரைக்
கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு
உறைந்த தெருவில் வழுக்காமல் வந்தாள் யாஸ்னா.

பழைய செட்டிலிருந்து நிபால்டோ எடுத்துப்போனவை:
மூளை, ஐந்து சின்னப் பெட்டிகள், ரிமோட்.
அதன் பேட்டரிகளையும்.
சோபாவுக்குப் பின்னால்
பூந்தொட்டி சுமந்து நின்ற
கறுப்புப் பெட்டியை மட்டும் விட்டுப்போனான்.
கனமாம்.
அவனுக்கு முதுகுவலியாம்.

அதைத் திருப்பிப் பார்த்தாள்.
சுவரில் செருக வால் இல்லை.
சிவப்பாய் ஒன்று, கறுப்பாய் ஒன்று,
முனை மொட்டையான இரண்டு கம்பிகள்.
உரிந்த தாளில் மிச்சம் இருந்தது
'ஆறு ஓம்'.
ரிசீவரின் முதுகிலோ சப்வூஃபருக்கென்று
ஒரே ஒரு வட்டத் துளை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
காற்று ஆட்டும் நாற்பது டன்னைக்
கோட்டின்மேல் கோடாக இறக்குகிறவள்.
இரண்டு கம்பிக்கு அசருவாளா?
ஒரு வயரை வெட்டி
நடுக்கம்பியைச் சிவப்போடும்
மேல்பின்னலைக் கறுப்போடும் முறுக்கி
டேப் சுற்றினாள்.

திரையில் எண்ணெய்க் கப்பல் வெடித்தது.
பெட்டிக்குள்
ஓர் எறும்பு தும்மியது.

"அந்தத் துளை கொடுப்பது சிபாரிசுக் கடிதம்,
சம்பளம் இல்லை" என்றாள் போனில்
எடைமேடைக் கணக்காளர் மிலேன்கா.
குத்துச்சண்டைக் கிளப்பின் மைக்கும் ஒலியும்
அவள் பொறுப்பு.
"முன் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கட்டிவிட்டால்?"
"கட்டலாம். எட்டு ஓமும் ஆறு ஓமும்
பக்கத்தில் பக்கத்தில் நின்றால்
பதினாலு ஆகாது, மூன்றரைக்கு இறங்கும்.
ரிசீவர் மூச்சுத் திணறி அணைந்துவிடும்.
தீய்ந்த வாசனை வந்தால் என்னைக் கூப்பிடாதே."

சேரச் சேரக் குறையும் கணக்கு.
பதினோரு வருடம் போட்டுப் பார்த்ததுதான்.

மிலேன்கா தன் பிக்கப்பில் கொண்டுவந்தாள்
கிளப்பின் பழைய ஆம்ப்ளிஃபயரை,
ஒரு பக்கம் நசுங்கி, வியர்வை நாறி.
துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சின்ன வயர்,
அங்கிருந்து பெட்டிக்குத் தடித்த வயர்,
சிவப்புக்குச் சிவப்பு.
சுவரில் கரண்ட் தின்று
கடிதத்தைக் காசாக்குகிற ஆள்
இப்போது நடுவில்.

ம்ம்ம்ம்ம் என்றது அறை.

"இரைச்சல்" என்றாள் மிலேன்கா, உற்சாகமாக.
பிளக்கை மாற்றினார்கள்.
வயரைப் பிரித்து விலக்கினார்கள்.
ஃபிரிட்ஜை அணைத்தார்கள்.
கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு
தரையில் உட்கார்ந்தார்கள்.

ம்ம்ம்ம்ம்.

நீரிணையிலிருந்து ஏறி வந்த காற்று
தகரக் கூரையில் வாய் வைத்து
ஊதிக்கொண்டிருந்தது.
பிறந்த நாளிலிருந்து கேட்பதை
ஒரு மணி நேரம் பழுது பார்த்திருக்கிறார்கள்.
மிலேன்கா சிரித்ததில் ஸ்க்ரூ ஒன்று
எங்கோ உருண்டது, பிறகு கிடைக்கவே இல்லை.

அவள் போன பின்
எல்லாவற்றையும் மறுபடி செருகினாள்.
கப்பல் வெடித்தது.
பெட்டி வாய் திறக்கவில்லை.
எறும்புகூட இல்லை.

ரிசீவரின் பட்டியலுக்குள் நுழைந்து
கீழே, இன்னும் கீழே போனாள்.
மொழி, நேரம், சுவருக்கும் சோபாவுக்கும் தூரம்.
ஒன்பதாவது வரியில் நின்றது:
'சப்வூஃபர்: இல்லை'.
பெட்டியிலிருந்து எடுத்தபோதே
அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்புக்குறியை ஒரு தடவை தட்டினாள்.
உண்டு.

முதலில் இலைகள்தான் கேட்டன.
பிறகு முழங்கால்.
பிறகு சமையலறையில் கரண்டிகள்.
கப்பல் இரண்டாய்ப் பிளந்துகொண்டிருக்க,
பூந்தொட்டி நடுங்கி நகர்ந்து
விளிம்புக்கு வந்து சாய,
பாய்ந்து பிடித்தாள்.
மண் பாதி மடியில்.

தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு
ரிமோட்டைத் துழாவி
படத்தைப் பின்னால் ஓட்டினாள்,
கப்பல் முழுதாய் இருந்த இடத்துக்கு.